ஒரே பைக்கில் இருவர், கூடாரத்துடன் நெடும்பயணம்: முதல்முறை புறப்படுவோருக்கான வழிகாட்டி

நானும் என் கணவரும் ஒரே பைக்கில், கூடாரத்தைக் கட்டிக்கொண்டு, நாட்டு எல்லைகளைக் கடந்து சென்ற முதல் நெடும்பயணத்தில் இரண்டு முறை நடுவழியில் நின்றுபோனோம். முதல் முறை, கண்ணுக்கு எட்டிய தூரம் ஊரே இல்லாத ஒரு சரளைப் பாதையில் பின்சக்கரத்தின் ஸ்போக் கம்பிகள் அடுத்தடுத்து முறிந்தன. இரண்டாம் முறை அவர் காய்ச்சலில் படுத்துவிட, வண்டியை நான் ஓட்டிச் செல்ல முயன்றபோது, சுங்கத் தாளில் அவர் பெயர் மட்டுமே இருந்ததால் எல்லைச் சாவடியில் இரண்டு நாள் காத்துக் கிடந்தோம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஒருவர் போவதற்கான ஏற்பாடுகளைச் செய்துவிட்டு, இன்னொருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டோம். எடை, ஆவணம், காப்பீடு, தண்ணீர், சாவி என எதை எடுத்தாலும் தொடக்கத்திலேயே இரண்டு பேருக்கு என்று கணக்கிட்டிருந்தால் அந்த இரண்டு இடத்திலும் நின்றிருக்க மாட்டோம். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. நாள்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

புறப்படும் தேதியை முடிவு செய்யும் முன் பருவத்தைப் பாருங்கள். திறந்த வெளிகளில் மரமோ மலையோ மறைப்பாக இருக்காது என்பதால், வெயிலும் காற்றும் மழையும் கூடாரத்தில் தங்குபவர்களை நேரடியாகத் தாக்கும். மங்கோலியப் புல்வெளியில் ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை போகலாம், ஆனால் ஜூலை, ஆகஸ்டில் மழை அதிகம், ஆற்றுக் கடவுகளில் நீர் ஏறியிருக்கும். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள பாட்டகோனியாவில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைக்காலம் என்றாலும், மேற்கிலிருந்து வீசும் காற்று அந்தக் காலத்தில்தான் கடுமையாக இருக்கும். ஆஸ்திரேலியாவின் நல்லர்பார் சமவெளிக்கு மே முதல் செப்டம்பர் வரையிலான குளிர்ந்த மாதங்களே ஏற்றவை.

தேதி உறுதியானதும் ஆறு மாதம் முன்பிருந்து வேலையைத் தொடங்குங்கள். பல நாடுகள், நீங்கள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. முத்திரை குத்த வெற்றுப் பக்கங்களும் வேண்டும். இருவர் பாஸ்போர்ட்டையும் ஒரே நாளில் எடுத்துப் பாருங்கள், ஏனென்றால் ஒருவருடையது சரியாக இருந்தால் மற்றவருடையதும் சரியாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வது மிக இயல்பாக நேரும் தவறு. ஓட்டுநர் உரிமத்தில் பைக் வகை சேர்க்க வேண்டியிருந்தால் அதற்கும் இதுவே நேரம். விசா விண்ணப்பங்களை மூன்று மாதம் முன்பு தொடங்கலாம், ஆனால் சில விசாக்களின் காலம் வழங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும் என்பதால், பாதையின் கடைசியில் வரும் நாட்டுக்கு அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். தடுப்பூசிகளுக்கு எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்று கேட்கும் நாடுகள் உங்கள் பாதையில் இருந்தால், ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அந்தச் சான்று செல்லும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, முழுச் சுமையுடன், இரண்டு இரவுகள் வெளியே தங்கும் ஒத்திகைப் பயணம் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எண்களில் பாதியை அந்த ஒத்திகையில்தான் நீங்கள் அளக்கப்போகிறீர்கள்.

2. எடையைத் தராசில் பாருங்கள்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். வண்டியின் சட்டகத்தில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ, அனுமதிக்கப்பட்ட உச்ச மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். டேங்க் நிரம்பிய வண்டியின் எடையை அதிலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. நெடுந்தூரத்துக்கான பைக்குகள் பலவற்றில் இது ஏறத்தாழ 180 முதல் 220 கிலோ வரை இருக்கும். கேட்கும்போது தாராளமாகத் தோன்றும் இந்த எண் எவ்வளவு விரைவில் கரைகிறது என்பதை எங்கள் கணக்கிலேயே பாருங்கள். அவர் 78 கிலோ, நான் 62 கிலோ, ஆக 140. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் ஆளுக்கு ஒன்பது கிலோ வீதம் 18. அலுமினியப் பக்கப் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் காலியாகவே 18. கூட்டினால் 176. எங்கள் வண்டியின் அளவு 190. கூடாரம், இரண்டு உறக்கப்பைகள், விரிப்புகள், அடுப்பு, பாத்திரம், உணவு, தண்ணீர், கருவிகள், துணிமணி அனைத்துக்கும் சேர்த்து மிச்சம் இருந்தது 14 கிலோ மட்டுமே. இதை நாங்கள் கணக்கிட்டது பயணம் முடிந்த பிறகு. எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது அளவைவிட 34 கிலோ கூடுதலாக இருந்தது. ஸ்போக் கம்பிகள் ஏன் முறிந்தன என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆகவே பொருள்களை வாங்கும் முன்பே கணக்கைப் போடுங்கள். இருவரும் முழு உடையுடன் தராசில் ஏறுங்கள். பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறு தராசு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பொருளையும் எடை பார்த்துத் தாளில் எழுதுங்கள். அலுமினியப் பெட்டிக்குப் பதிலாக நீர்புகாத துணிப்பைகளுக்கு மாறியதில் மட்டும் எங்களுக்குப் பத்து கிலோ மிச்சமானது. மடக்கு நாற்காலிகள், இரண்டாவது பாத்திரம், ஆளுக்கு நான்கு உடை, கனமான பூட்டுச் சங்கிலி ஆகியவற்றை விட்டோம். இரண்டாவது பயணத்தில் ஒருநாள்கூட அவற்றைத் தேடவில்லை. எல்லாவற்றையும் குறைத்த பிறகும் கணக்கு இடித்தால், அதிகச் சுமை தாங்கும் வண்டியை எடுப்பது அல்லது அறையில் தங்கும் பயணமாக மாற்றிக்கொள்வது என்ற இரண்டு வழிகளே உண்டு. "கொஞ்சம்தானே கூடுதல்" என்ற சமாதானம் நல்ல சாலையில் தாங்கும், சரளையில் தாங்காது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் எவ்வளவு என்பதற்கு இணையாக முக்கியம். கருவிகள், தண்ணீர், உணவு ஆகிய கனமானவை தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதியை ஒட்டியும் இருக்க வேண்டும். பின்னால் உயரத்தில் இருக்கும் பெட்டிக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 கிலோதான் வரம்பு, அதில் உறக்கப்பைகளை மட்டும் வையுங்கள். பின்பக்க ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கத்தை இருவரும் ஏறி அமர்ந்த நிலையில் சரிசெய்யுங்கள். சஸ்பென்ஷன் அசையக்கூடிய மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமிழ்ந்தால் ஏறத்தாழச் சரி. டயர் காற்றழுத்தம் கையேட்டில் இருவருக்கு என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும், அதைக் காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் சூடேறாத நிலையில் பார்க்க வேண்டும். பின்பக்கம் அமிழும்போது ஹெட்லைட் மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் அதையும் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

3. ஆவணங்கள்: ஒவ்வொன்றும் இரண்டு பெயரில்

முதலில் உரிமம். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இரண்டு வகையில் வழங்கப்படுகிறது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்படி வழங்கப்படுவது ஓராண்டுக்குச் செல்லும், 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின்படி வழங்கப்படுவது மூன்று ஆண்டுகள் வரை செல்லும். சில நாடுகள் ஒரு வகையை மட்டுமே ஏற்பதால், பாதையில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் எது வேண்டும் என்று பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். இந்த அனுமதி உங்கள் மூல உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றது, மூல உரிமம் கையில் இல்லாமல் அதற்கு மதிப்பில்லை. பைக்குக்கான பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வரும் முன் பாருங்கள். இருவருக்கும் ஓட்டத் தெரியும் என்றால் இருவருமே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வண்டி. பதிவுச் சான்றின் மூலப் பிரதி வேண்டும். வண்டி வேறொருவர் பெயரிலோ கடனிலோ இருந்தால், அதை வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல உரிமையாளர் தரும் நோட்டரி சான்றிட்ட அனுமதிக் கடிதமும், தேவைப்படும் மொழியில் அதன் மொழிபெயர்ப்பும் வேண்டும். எங்களை இரண்டு நாள் நிறுத்தி வைத்தது இதைப் போன்ற ஒரு கடிதம் இல்லாததுதான். வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவந்தவர் என்று சுங்கத் தாளில் யார் பெயர் இருக்கிறதோ அவரே அதை ஓட்ட வேண்டும், அவரே வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. எனவே "இவரும் இந்த வண்டியை ஓட்டலாம், எல்லையைக் கடந்து கொண்டுசெல்லலாம்" என்று உரிமையாளர் கையொப்பமிட்ட கடிதத்தை வீட்டிலேயே தயார் செய்து, நுழையும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி, அந்நாட்டில் இரண்டாவது ஓட்டுநருக்கு வழி உண்டா என்று கேளுங்கள்.

வண்டியை உள்ளே கொண்டுசெல்ல இரண்டு முறைகள் உள்ளன. சில நாடுகள் எல்லையிலேயே தற்காலிக இறக்குமதி அனுமதித் தாள் தரும். வேறு சில நாடுகள் கார்னே எனப்படும் சுங்கப் புத்தகத்தைக் கேட்கும். இதைப் பன்னாட்டு மோட்டார் வாகன அமைப்புகளுடன் இணைந்த அந்தந்த நாட்டுச் சங்கங்கள் வழங்குகின்றன, பொதுவாக ஓராண்டு வரை செல்லும். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. ஒன்றை நுழையும் இடத்திலும், இன்னொன்றை வெளியேறும் இடத்திலும் அதிகாரிகள் கிழித்துக்கொள்வார்கள், இரண்டு முத்திரையும் பதிந்த அடிக்கட்டை உங்கள் புத்தகத்திலேயே நிற்கும். வெளியேறும் முத்திரை விழாவிட்டால், வண்டியை அந்த நாட்டில் விற்றுவிட்டதாகக் கருதிச் சுங்க வரி கேட்க இடமுண்டு. நள்ளிரவானாலும், பின்னால் வரிசை நின்றாலும், அந்த முத்திரையைக் கண்ணால் பார்க்காமல் சாவடியை விட்டு நகராதீர்கள்.

கார்னே கைக்கு வந்ததும் சட்டக எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். 17 இலக்கம் கொண்ட சட்டக எண்ணில் ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ ஆகிய எழுத்துகள் வருவதே இல்லை. எனவே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூச்சியம், நிமிர்ந்த கோடாகத் தெரிந்தால் அது ஒன்று. எங்கள் புத்தகத்தில் பூச்சியத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்து தட்டச்சாகியிருந்தது. வண்டியில் பொறித்திருப்பதைப் பென்சிலால் தாளில் தேய்த்து எடுத்து ஒப்பிட்டபோதுதான் அது தெரிந்தது. திருத்தி வாங்க ஒன்பது நாள் ஆயிற்று. நல்லவேளையாகப் புறப்பட இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இன்னொரு பொறி, நாள்கணக்கு. உங்களுக்கான விசா காலமும் வண்டிக்கான அனுமதிக் காலமும் வேறு வேறு, எது முதலில் முடிகிறதோ அதற்குள் வெளியேற வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில் குறுகிய காலம் தங்குவோருக்கு எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்க அனுமதியில்லை, பல நாடுகளைச் சேர்த்தே அந்த எண்ணிக்கை. சுவரில் மாட்டும் நாள்காட்டி ஒன்றில் இரண்டு நிறங்களில் இரண்டு காலத்தையும் குறித்துவிட்டால் குழப்பம் வராது.

எல்லா ஆவணத்திலும் ஆறு பிரதிகள் எடுங்கள். மூன்று ஓட்டுபவரின் பையிலும் மூன்று பின்னால் அமர்பவரின் பையிலும் இருக்கட்டும். மருந்துகளை அவற்றின் மூல உறையிலேயே, மருத்துவரின் சீட்டுடன் கொண்டுசெல்லுங்கள், ஏனெனில் ஒரு நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் வலி நிவாரணி இன்னொரு நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக இருக்கலாம்.

4. காப்பீட்டில் "பின்னால் அமர்பவர்" என்ற சொல்லைத் தேடுங்கள்

மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் எந்த நாட்டுச் சாலையிலும் ஏறாதீர்கள். ஐரோப்பாவிலும் அதைச் சுற்றியுள்ள சில நாடுகளிலும் பச்சை அட்டை எனப்படும் பன்னாட்டு வாகனக் காப்பீட்டுச் சான்று செல்லும், மற்ற இடங்களில் பெரும்பாலும் எல்லையிலேயே வாங்கலாம். கவனமாக இருக்க வேண்டியது மருத்துவப் பயணக் காப்பீட்டில்தான். 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்கை விலக்கும் பாலிசிகள் உண்டு. தார் போடாத பாதையை விலக்குபவை உண்டு. ஓட்டுபவரைச் சேர்த்துக்கொண்டு பின்னால் அமர்பவரைப் பற்றி ஒன்றுமே சொல்லாதவையும் உண்டு. நாங்கள் முதலில் வாங்கியது கடைசி வகை. தொலைபேசியில் "எல்லாம் அடங்கும்" என்று சொன்னார்கள், எழுத்தில் கேட்டபோதுதான் எனக்குத் தனிப் பாலிசி வேண்டும் என்ற பதில் வந்தது. எஞ்சின் அளவு, இருவர் பெயர், மண்பாதை, ஆளில்லாத இடத்திலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு, சொந்த நாட்டுக்கு அழைத்து வரும் செலவு ஆகிய ஐந்தையும் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைப் பாலிசியுடன் சேர்த்து வையுங்கள்.

5. செலவு

கூடாரம் என்பதால் செலவு குறையும் என்பது உண்மை, ஆனால் தங்கும் செலவில் மட்டும்தான். மற்ற தலைப்புகள் அப்படியே நிற்கும். விசா, தடுப்பூசி, மருத்துவக் காப்பீடு, சர்வதேச அனுமதி ஆகியவற்றை இரண்டால் பெருக்குங்கள். கார்னேவுக்கான பிணைத்தொகை வண்டியின் மதிப்பையும், பாதையில் உள்ள நாடுகளில் எங்கே சுங்க வரி அதிகமோ அதையும் பொறுத்து முடிவாகும். அது திரும்பி வரும் பணம்தான் என்றாலும், பயணம் முடிந்து சில வாரம்வரை உங்கள் கையில் இருக்காது என்பதால் அதைச் சேமிப்புக் கணக்கில் எண்ணாதீர்கள்.

வண்டியைக் கடல் கடந்து அனுப்புவதாக இருந்தால் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். கப்பல் கட்டணம் கன மீட்டர் கணக்கில் வரும், எனவே முன்கண்ணாடியையும் பக்கப் பெட்டிகளையும் முன்சக்கரத்தையும் கழற்றிப் பெட்டியைச் சிறிதாக்கினால் அது நேரடியாகக் குறையும். ஆனால் முகவர் சொல்லும் தொகை புறப்படும் துறைமுகத்திலிருந்து போய்ச்சேரும் துறைமுகம் வரை மட்டுமே. அங்கே இறக்குவது, கிடங்கு வாடகை, ஆவணக் கட்டணம், சுங்க முகவர் கூலி என்று தனித்தனியாக வந்தவை எங்களுக்கு ஏறத்தாழக் கப்பல் கட்டணத்துக்கே சமமாகிவிட்டன. போய்ச்சேரும் துறைமுகத்தின் கட்டணங்கள் அனைத்தையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள், தர மறுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். விமானத்தில் அனுப்புவது விலை கூடுதல் என்றாலும் நாள்கள் குறையும், கிடங்கு வாடகையும் குறையும். பைக் ஆபத்தான சரக்கு வகையில் சேர்வதால், டேங்க் கிட்டத்தட்டக் காலியாகவும் பேட்டரி இணைப்பு கழற்றியும் இருக்க வேண்டும்.

டயர் செலவை யாரும் சரியாகக் கணிப்பதில்லை. தனியாக ஓட்டும்போது 11,000 கி.மீ. வந்த பின்டயர், இருவரும் சுமையுமாகப் போனபோது எங்களுக்கு 7,000 கி.மீ. வந்தது. நான்கு அல்லது ஐந்து இரவுக்கு ஒருமுறை அறை எடுத்துத் துவைக்கவும் குளிக்கவும் மின்சாதனங்களுக்குச் சார்ஜ் ஏற்றவும் பணம் ஒதுக்குங்கள். மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கையும், அதற்கு மேல் இருவரும் விமானத்தில் வீடு திரும்பப் போதுமான தொகையையும் தொடாமல் வைத்திருங்கள். வங்கி அட்டைகள் இரண்டு வேறு வங்கிகளுடையதாக, இரண்டு வேறு உடம்பில் இருக்கட்டும்.

6. பின்னிருக்கையில் இருப்பவரின் ஒரு நாள்

தூரத்தை முடிவு செய்வது எஞ்சின் அல்ல, பின்னிருக்கை. முன்னால் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டு, அடுத்த குழி எங்கே என்று கண்ணுக்குத் தெரியும். பின்னால் இருப்பவருக்கு ஒவ்வொரு குழியும் முன்னறிவிப்பின்றி முதுகுத்தண்டில் இறங்கும். தார்ச் சாலையில் நாளுக்கு 250 முதல் 300 கி.மீ., மண்பாதையில் 120 முதல் 150 கி.மீ. என்று திட்டமிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும், நான்காம் நாள் அல்லது ஐந்தாம் நாள் ஓட்டமே கூடாது. ஒத்திகையின்போது பின்னிருக்கையின் கால்தாங்கி உயரத்தைப் பாருங்கள். முழங்கால் மிகவும் மடிந்து நின்றால் இரண்டாம் நாளே வலி தொடங்கும், தாழ்த்தும் பொருத்திகள் கிடைக்கின்றன.

ஹெல்மெட்டில் பொருத்தும் பேச்சுக் கருவி நல்லதுதான், ஆனால் அதன் பேட்டரி மாலையில் தீர்ந்துவிடும். தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு தட்டு என்றால் உடனே நிறுத்து என்பது போன்ற எளிய குறிகளைப் பழகிவையுங்கள். ஓட்டுபவர் இரண்டு காலையும் ஊன்றித் தலையசைக்கும் வரை பின்னால் ஏறவோ இறங்கவோ கூடாது. நாங்கள் வண்டியைச் சாய்த்த மூன்று முறையும் அது நின்றிருந்த வண்டிதான். மாற்றுச் சாவி பின்னால் அமர்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். எஞ்சினை அணைக்கும் பொத்தான் எங்கே என்றும், விழுந்த வண்டியை முதலில் பைகளைக் கழற்றிவிட்டு முதுகைக் கொடுத்துத் தூக்குவது எப்படி என்றும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

7. எரிபொருளும் தண்ணீரும்

நிறுவனம் சொல்லும் மைலேஜை மறந்துவிடுங்கள். ஒத்திகையில் முழுச் சுமையுடன் லிட்டருக்கு எத்தனை கி.மீ. வருகிறது என்று அளந்து, டேங்க் கொள்ளளவால் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே நம்புங்கள். எதிர்க்காற்றும் மணலும் மிச்சத்தைத் தின்றுவிடும். 18 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 20 கி.மீ. என்றால் காகிதத்தில் 360, கையில் 240. நல்லர்பார் வழியில் பல்லடோனியாவுக்கும் கய்குனாவுக்கும் இடையே சாலை 146.6 கி.மீ. தூரம் ஒரு வளைவும் இல்லாமல் நேராக ஓடுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் "அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கிலும் நிரப்புங்கள்.

வெப்பமான வறண்ட வெளியில் குடிக்கவும் சமைக்கவும் இருவருக்கு நாளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். அதாவது பத்து கிலோ. மேலே மிச்சமிருந்த 14 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் நாங்கள் இப்போது காலையில் ஆளுக்கு இரண்டு லிட்டருடன் புறப்பட்டு, தங்கும் இடத்துக்கு முன்னால் வரும் கடைசி ஊரில் மடக்குப் பைகளை நிரப்பிக்கொள்கிறோம். வழியில் ஊர் வராது என்று வரைபடம் சொல்லும் நாள்களில் மட்டும் காலையிலேயே முழுவதையும் ஏற்றி, அன்று உணவுச் சுமையைக் குறைத்துக்கொள்கிறோம்.

8. கூடாரம் அடிக்கும் இடம்

முதலில் சட்டம். ஸ்வீடனிலும் நார்வேயிலும் திறந்த வெளியில் எவரும் கூடாரம் அடிக்கும் உரிமை உண்டு. நார்வேயில் மக்கள் வசிக்கும் வீட்டிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் பொதுவாகத் தங்கக் கூடாது. ஆனால் அந்த உரிமை உங்களுக்கானது, பைக்குக்கு இல்லை. இரண்டு நாடுகளிலும் சாலையை விட்டு விலகி வெளியில் வண்டி ஓட்டுவது தடை, ஐஸ்லாந்திலும் அப்படியே. வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டுப் பொருள்களைச் சுமந்துதான் போக வேண்டும். அமெரிக்காவில் கூட்டரசின் நில மேலாண்மைத் துறை நிலங்களில் பெரும்பாலும் 28 நாளுக்குள் 14 நாள் வரை ஓரிடத்தில் தங்கலாம். மற்ற இடங்களில் நிலத்துக்கு உரியவரைக் கண்டுபிடித்துக் கேளுங்கள். இருவருமே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் போய்க் கேளுங்கள், எங்களுக்குக் கிடைக்காமல் போனது ஒரே ஒரு முறைதான்.

சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே இடம் தேடத் தொடங்குங்கள். அந்தி நேரத்தில் விலங்குகள் சாலைக்கு வரும் என்பதும் அதற்கு ஒரு காரணம். வறண்ட ஆற்றுப் படுகை தட்டையாக, மறைவாக, அழைப்பது போல இருக்கும், அங்கே அடிக்காதீர்கள். எங்கோ தொலைவில் பெய்த மழை இரவில் அதன் வழியாக வரும். உயர்ந்த மேட்டிலும் வேண்டாம், மின்னலும் காற்றும் அங்கேதான். கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றை நோக்கி இருக்கட்டும். மணலில் முளை நிற்காது. சிறு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால் எந்த முளையையும்விட உறுதியாக நிற்கும்.

வண்டியை நிறுத்தும் விதத்திலும் கவனம் வேண்டும். ஓடி வந்த வண்டியின் சைலன்சர் சூட்டில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும் என்பதால் வெறும் தரையில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டின் கீழ் அகலமான தகடு வையுங்கள். இரவில் காற்றில் விழுந்தாலும் கூடாரத்தின் மேல் விழாதபடி, அது சாய்ந்திருக்கும் பக்கம் கூடாரத்துக்கு எதிர்ப்புறமாக இருக்கட்டும். எவ்வளவு குளிர் என்றாலும் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். பியூட்டேன் மட்டும் நிரப்பிய எரிவாயுக் குப்பி உறைநிலைக்கு அருகே வேலை செய்யாது. புரோப்பேன் கலந்ததை வாங்குங்கள் அல்லது வண்டியின் பெட்ரோலிலேயே எரியும் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் கூடாரம் என்று எழுதியிருப்பதில் இருவர் மட்டும்தான் படுக்க முடியும், இரண்டு ஹெல்மெட்டும் ஈர ஜாக்கெட்டும் வெளியே கிடக்கும். ஒரு கிலோ கூடினாலும் மூவர் கூடாரமே வாங்குங்கள். எடைக் கணக்கில் நான் தாராளம் காட்டும் ஒரே இடம் இது.

9. மாலையில் பத்து நிமிடம்

முளை அடித்து முடித்ததும், வெளிச்சம் இருக்கும்போதே, ஒருவர் சமைக்க மற்றவர் வண்டியைச் சுற்றி வரட்டும். செயின் தளர்ச்சி, செயின் எண்ணெய், பிரேக் பட்டைகள், பெட்டிகளைத் தாங்கும் போல்ட்டுகள், டயரில் ஏறிய முள். கம்பிச் சக்கரமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். இறுக்கமாக இருப்பது "ணிங்" என்று தெளிவாக ஒலிக்கும். தளர்ந்தது "டொக்" என்று மட்டும் சொல்லும், கைவிரலால் அழுத்தினால் இலேசாக ஆடும். அதை அங்கேயே கால் சுற்று இறுக்கிவிட்டால் பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டியதில்லை. இரண்டாவது பயணம் முழுவதும் இதை நான்தான் செய்தேன், பதினோராம் நாள் ஒன்று தளர்ந்திருந்ததை ஒலியிலேயே பிடித்தேன். ஒரு கம்பியும் முறியவில்லை.

உங்கள் டயர் டியூப் உள்ளதா இல்லாததா என்பதைப் பொறுத்துப் பஞ்சர் பொருள்கள் மாறும். டியூப் உள்ளதென்றால் முன், பின் இரண்டுக்கும் மாற்று டியூபும் டயர் நெம்புகோல்களும் வேண்டும். காற்றடிக்கும் சிறு கருவி, கிளட்ச் கேபிள், செயின் இணைப்புக் கண்ணி, ஃபியூஸ்கள், நான்கு மாற்று ஸ்போக்குகள் போதும். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட வீட்டிலேயே ஒருமுறை பழகுங்கள், இருவரும்.

10. உதவி கேட்கும் வழி

திறந்த வெளியில் கைப்பேசிக்குச் சிக்னல் இருக்காது. 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்பும் தனிநபர் கருவிக்கு மாதச் சந்தா கிடையாது, ஆனால் உங்கள் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். இருவழிச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவிகளுக்குச் சந்தா உண்டு. எதை வாங்கினாலும் பாதையில் உள்ள நாடுகள் அதை அனுமதிக்கின்றனவா என்று பாருங்கள், இந்தியாவில் உரிமமின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியோ அத்தகைய தொடர்புக் கருவியோ வைத்திருப்பது குற்றம். கருவி பெட்டியில் இருக்கக் கூடாது, உடம்பில் இருக்க வேண்டும், அதை இயக்க இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒருவரிடம் அன்றன்றைய பாதையைச் சொல்லி, எத்தனை மணி நேரம் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

11. வீடு திரும்பிய வாரம்

கார்னே எடுத்திருந்தால் வேலை இன்னும் முடியவில்லை. வண்டி சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டது என்ற சுங்க முத்திரையை வாங்கி, ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நுழைவு, வெளியேற்றம் இரண்டும் பதிந்திருப்பதைப் பார்த்து, புத்தகம் முழுவதையும் நகலெடுத்துக்கொண்ட பிறகு, அதன் காலம் முடியும் முன்பே வழங்கிய சங்கத்திடம் ஒப்படையுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். பிணைத்தொகை அதற்குப் பிறகுதான் விடுவிக்கப்படும், எங்களுக்கு ஆறு வாரம் ஆயிற்று. பணம் கணக்கில் ஏறும்வரை அந்த நகலையும் ரசீதையும் பயணக் கோப்பிலிருந்து எடுக்காதீர்கள்.